துருக்கியில் சட்டமே அப்படியா?

"துருக்கியில் மருமகள் மாமியாருடன்தான் இருக்க வேண்டும், சட்டமே அப்படி" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. 1926 சிவில் சட்டம் வீட்டைத் தேர்வு செய்யும் உரிமையைக் கணவனுக்குத் தந்தது, உண்மைதான். ஆனால் 2002 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி இருவரும் சேர்ந்தே முடிவு செய்கிறார்கள். தனிக்குடித்தனம் வைக்காமல் பெற்றோருடன் இருக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால், விவாகரத்து வழக்கில் அது கணவன் மீதான தவறாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

சரி, மாமியாருக்குச் செல்வாக்கே இல்லையா? இருக்கிறது. பெண் கேட்டுப் போகும்போது பெண் போட்டுக் கொண்டுவரும் காபியை அவரும்தான் ருசி பார்ப்பார். பெருநாளன்று மருமகள் அவர் கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்வாள். அப்புறம், சாப்பாட்டு நேரத்தில் சரியாக வந்து நிற்பவரிடம் அங்கே சொல்வது: "உன் மாமியாருக்கு உன்மேல் பிரியம் போல!"