வலி வேற, பேடு வேற

பிளாஸ்டிக் பேடு வைப்பதால்தான் மாதவிடாய் வலி வருகிறது, துணிக்கு மாறுங்கள் என்று ஒரு அம்மா பேசுகிற ரீலை இன்பாக்ஸில் அனுப்பிவிட்டு "இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. பொதுவிலேயே சொல்லிவிடுகிறேன். மாதவிடாய் வயிற்றுவலி பேடு வைப்பதால் வருவதில்லை. துணிக்கு மாறினால் போவதும் இல்லை. வலி வேற, பேடு வேற.

அந்த அம்மா பேசுவது கேட்க இதமாகத்தான் இருக்கிறது. "எங்க காலத்துல துணிதான், வலின்னா என்னன்னே தெரியாது. இந்த பிளாஸ்டிக் பேடு கர்ப்பப்பையைச் சூடாக்குது, அதான் புள்ளைங்க சுருண்டு படுக்குதுங்க." கீழே வரிசையாக இதயங்கள். கடைசியில் அவரே விற்கிற துணி பேடுக்கான லிங்க். வியாபாரம் செய்யட்டும், நன்றாக நடக்கட்டும். வலியில் துடிக்கிற பிள்ளையிடம் "நீ பேடு வச்சதாலதான்" என்று பழியையும் சேர்த்துக் கொடுத்ததுதான் வயிற்றெரிச்சல்.

கர்ப்பப்பையின் உள்சவ்வு உதிரும் சமயத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அது கர்ப்பப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. இறுகும்போது அந்தத் தசைக்குப் போகிற ரத்தம் குறைகிறது, அதனால் வலிக்கிறது. அதே பொருள் குடலையும் முடுக்கிவிடுவதால்தான் முதல் நாள் வயிறு கலங்குவதும் குமட்டுவதும். சுரப்பு அதிகமானால் வலியும் அதிகம். இத்தனையும் நடப்பது கர்ப்பப்பைக்குள். பேடு இருப்பது ஜட்டியில்.

"அப்படின்னா என் பொண்ணுக்கு பேடுக்கு மாறினப்புறம் வலி வந்ததே, அது எப்படி?" நியாயமான கேள்வி. வயதுக்கு வந்த புதிதில் பல மாதங்கள் கருமுட்டை வெளியேறாமலேயே ரத்தப்போக்கு மட்டும் வரும். அப்போது பெரிதாக வலிக்காது. ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து முட்டை ஒழுங்காக வெளியேற ஆரம்பித்த பிறகுதான் உண்மையான வலி தொடங்கும். அதற்குள் பிள்ளை வீட்டுத் துணியை விட்டுப் பள்ளிக்கூடத்துக்கு பேடு வைத்துக்கொண்டு போகத் தொடங்கியிருக்கும். இரண்டும் ஒரே சமயத்தில் நடந்ததால் பேடு குற்றவாளியாகிவிட்டது.

பாட்டிக்கு வலிக்கவில்லை என்பதையும் பார்த்துவிடுவோம். பதினெட்டு வயதுக்குள் கல்யாணம், ஆறு பிள்ளை, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை வருடம் தாய்ப்பால். பாட்டிக்கு மாதவிலக்கு வந்த மாதங்களே குறைவு. பிள்ளை பெற்ற பிறகு பலருக்கு வலி தணிந்தும்விடும். அதையும் மீறி வலித்திருந்தால் யாரிடம் சொல்லியிருப்பார்? கொல்லைப்புறத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தவரிடம் போய் யாராவது "வலிக்குதா?" என்று கேட்டிருப்பார்களா என்ன.

ரீலில் உதிர்ந்த அடுத்த முத்து, மாத்திரை போட்டால் கர்ப்பப்பை சுருங்கிவிடுமாம். மாதம் இரண்டு நாள் வலி மாத்திரை போட்டுக் கர்ப்பப்பை சுருங்காது. மெஃபனமிக் ஆசிட், ஐபுபுரூஃபென் போன்றவை புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன. புதிதாக உருவாவதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே சுரந்து நிற்பதை அழிக்காது. அதனால்தான் நேரம் முக்கியம். இடுப்பில் இழுக்க ஆரம்பித்தவுடனோ ரத்தம் கண்டவுடனோ போட வேண்டும். தெரிந்த வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பெண் ஒருத்தி. மாத்திரை கேட்டால் "பொறுத்துக்கோ, பழகிடும்" என்பார் அம்மா. வலி உச்சத்துக்கு ஏறி வாந்தி எடுக்க ஆரம்பித்த பிறகு மாத்திரை கைக்கு வரும். அதுவும் அடுத்த வாந்தியோடு வெளியே போகும். "பாத்தியா, மாத்திரை எல்லாம் கேக்காது." கேட்கிற நேரத்தில் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும்.

மெஃபனமிக் ஆசிட் என்றால் பெரியவர்களுக்கு மருத்துவர்கள் வழக்கமாக எழுதுவது முதலில் 500 மில்லிகிராம், பிறகு தேவைப்பட்டால் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 250, வயிற்றில் ஏதாவது போட்டபிறகு, இரண்டு மூன்று நாளோடு நிறுத்திவிடுவது. நம் ஊர் மெடிக்கலில் எல்லாரும் வாங்கும் மெஃப்டால் ஸ்பாஸில் இதனோடு தசைப்பிடிப்பைத் தளர்த்தும் டைசைக்ளோமின் 10 மில்லிகிராமும் இருக்கிறது. வாய் உலர்ந்து தூக்கமாக வருவது அதனால்தான். அல்சர், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரையால் மூச்சிரைப்பு வருகிறவர்கள் தொடக்கூடாது. டெங்கு சீசனில் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் யாருமே தொடக்கூடாது. 2023 நவம்பரில் மருந்துகளின் தரத்தைக் கவனிக்கும் அரசு அமைப்பான இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன் மெஃபனமிக் ஆசிட்டைப் பற்றி எச்சரிக்கை கொடுத்தது உண்மைதான். அரிதாக, சில வாரம் கழித்துக்கூட, தோல் தடிப்பும் காய்ச்சலும் வந்து உள்ளுறுப்புகளைப் பாதிக்கலாம் என்றது. அப்படி வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். அந்தச் செய்தியை ஃபார்வர்ட் செய்தவர்களில் எத்தனை பேர் அதில் "தடை" என்ற வார்த்தையே இல்லை என்பதைக் கவனித்தார்கள் தெரியவில்லை.

மாத்திரை வேண்டாமா, வெந்நீர்ப் பை இருக்கிறது. முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாமல், கொதிக்கிற நீரை ஊற்றாமல், மூடுமுன் காற்றை அழுத்தி வெளியேற்றி, துண்டில் சுற்றி அடிவயிற்றில் 20 நிமிடம். இது நிஜமாகவே வேலை செய்யும். ஆனால் அதைக் கட்டிக்கொண்டே தூங்கிவிடாதீர்கள். தினமும் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் சூடு பட்டால் தோல் வலை பின்னியது போல் கருத்துப்போகும்.

இனி பேடு. பேடால் வருகிற தொல்லை வலியல்ல, தோல். உரசல், ஈரம், வாசனைத் திரவியம், ஒட்டும் பசை, இவைதான் தொடை இடுக்கில் புண்ணாக்குகின்றன. மேல்பரப்பு வலைபோன்ற பிளாஸ்டிக்காக இருக்கிற பேடு சீக்கிரம் உலர்ந்த மாதிரி இருக்கும், சிலருக்கு வியர்வையோடு சேர்ந்து அறுக்கும். அவர்கள் பருத்தி மேல்பரப்பு உள்ளதை வாங்கலாம், வாசனை சேர்த்ததை யாருமே வாங்க வேண்டாம். நீளம்தான் தரம் என்று நினைத்துப் பகலெல்லாம் ராத்திரி பேடை வைத்துக்கொள்வதும் உரசலைக் கூட்டும். ரத்தம் குறைவாக இருந்தாலும் 4 முதல் 6 மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும். பத்து மணி நேரம் ஒரே பேடில் இருந்துவிட்டுக் கம்பெனியைத் திட்டுகிறோம். ஏன் இருந்தார்கள் என்று கேட்டால் பள்ளிக்கூடத்துக் கழிவறையில் தண்ணீர் இல்லை, குப்பைத்தொட்டி இல்லை, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அதைப் பற்றி ஒரு ரீல் வருமா?

துணி பேடு தோலுக்கு நல்லது, ஒத்துக்கொள்கிறேன். முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும், வெந்நீர் பட்டால் கறை இறுகிவிடும். பிறகு சோப்பு, பிறகு நேர் வெயில். கம்ஃபர்ட் மாதிரி சங்கதிகளில் ஊறவைத்தால் உறிஞ்சும் தன்மை போய்விடும். நேர் வெயில் என்பதில்தான் சிக்கல். பாவாடைக்கு அடியில் ஒளித்துக் காயப்போட்ட துணி பாதி ஈரத்தோடு திரும்ப வரும், அரிப்பைக் கூட்டிக்கொண்டு வரும். மொட்டை மாடியில் எல்லார் கண்ணிலும் படக் காயப்போட விடாத வீட்டில் துணி பேடைப் புகழ்ந்து என்ன பயன்?

மாதவிடாய் கப் பற்றியும் கேட்பீர்கள், பேடுக்குப் பதிலாக உள்ளே வைத்து ரத்தத்தைப் பிடிக்கிற சின்னக் கிண்ணம் அது. மருத்துவத் தர சிலிகான், 20 முதல் 30 மில்லி பிடிக்கும், 8 முதல் 12 மணி நேரம் வைக்கலாம், ஒவ்வொரு மாதவிலக்குக்கும் முன் 5 நிமிடம் கொதிக்கவைத்தால் போதும். கேரளத்தில் ஆலப்புழா 2019லேயே ஆயிரக்கணக்கில் விநியோகித்தது, கும்பளங்கி 2022ல் ஊராட்சி முழுக்கக் கொண்டுபோனது. பழக இரண்டு மூன்று மாதம் ஆகும். வலியோடு இதற்கு ஒரு சின்னத் தொடர்பு உண்டு, மறைக்கவில்லை. ரொம்ப விறைப்பான கப் சிறுநீர்ப்பையை அழுத்தும். எடுக்கும்போது அடிப்பாகத்தைக் கிள்ளி உள்ளே காற்று புக விட வேண்டும், அப்படிச் செய்யாமல் காம்பை மட்டும் பிடித்து இழுத்தால் உள்ளே சுண்டி இழுக்கும். காப்பர்-டி போட்டவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும், இழுக்கும்போது அதுவும் நகரலாம். "கன்னித்தன்மை போயிடுமே" என்று நடு ராத்திரியில் கவலைப்பட்டு மெசேஜ் போடுகிற சகோதரர்களே, முதலில் தூங்குங்கள்.

"நாப்கின் கம்பெனிகிட்ட எவ்வளவு வாங்கினே?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். எதை வாங்கு என்று நான் சொல்லவே இல்லை. உங்கள் தோலுக்கு, உங்கள் பாத்ரூமுக்கு, உங்கள் பர்ஸுக்கு எது ஒத்துவருமோ அது. துணியோ கப்போ பேடோ, எதை மாற்றினாலும் கர்ப்பப்பைக்குள் சுரப்பது மாறாது. வலி வேற, பேடு வேற. இன்னும் எத்தனை தடவை எழுத வேண்டும்?

உண்மையில் எனக்குக் கோபம் அந்த ரீல் மேல்கூட இல்லை. சரியான நேரத்தில் மாத்திரை போட்டும் கேட்காத வலி, விலக்கு வர நாலைந்து நாள் முன்பே தொடங்கும் வலி, மலம் கழிக்கும்போது குத்தும் வலி, வருடத்துக்கு வருடம் கூடும் வலி. இவற்றின் பின்னால் எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வது) இருக்கலாம், அடினோமயோசிஸ் (அது கர்ப்பப்பைத் தசைக்குள் வளர்வது) இருக்கலாம், கர்ப்பப்பையில் கட்டி இருக்கலாம். எண்டோமெட்ரியோசிஸ் பத்துப் பெண்களில் ஒருவருக்கு இருக்கிறது. கண்டுபிடிக்கப் பல வருடம் ஆகிறது. அந்த வருடங்களில் அவள் துணிக்கு மாறிப் பார்ப்பாள், வெந்தயம் விழுங்கிப் பார்ப்பாள், ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றதும் "நடிக்கிறா" என்று வீட்டில் பேசுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள். ஆரம்ப நிலையில் சாதாரண ஸ்கேனில் அது பல நேரம் தெரியாது. டாக்டரிடம் போகும்போது எந்தத் தேதியில் வலி தொடங்கியது, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எத்தனை பேடு என்று மூன்று மாதக் கணக்கை எழுதி எடுத்துப்போங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேடு முழுசாக நனைகிறது, ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய ரத்தக்கட்டி விழுகிறது, ஏழு நாளைத் தாண்டுகிறது என்றால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

கமெண்டில் உளுந்தங்களி பற்றி எழுதுகிறவர்கள் தாராளமாக எழுதலாம், நல்ல சாப்பாடு, நானே செய்முறை தருகிறேன். "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்று ஆரம்பித்தால் மட்டும் பிளாக்.