போல்ட்டை இறுக்கினால் கசிவு நிற்காது

வில்லிஸ் ஜீப்பின் ஸ்பைசர் 18 டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (எஞ்சின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) வெளிச்சந்தை அடி மூடி, அதாவது அசல் நிறுவனத்தினுடையது அல்லாத மூடி, போட்டபின் ஆயில் கசிந்தால், போல்ட்டுகளை இன்னும் இறுக்கினால் போதும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் அதை ஆமோதித்தும் இருக்கிறார்கள். அது சரியல்ல, தயவுசெய்து அப்படிச் செய்து பார்க்காதீர்கள்.

அளவுக்கு மேல் இறுக்கினால் தகட்டு மூடியில் போல்ட் துளையைச் சுற்றிய இடம் மட்டும் கேஸை நோக்கி மேலே குழிந்து, இரண்டு போல்ட்டுக்கு நடுவே இடைவெளி விழும். ஆயில் அந்த வழியாகத்தான் வரும். கனமான அலுமினிய மூடி அவ்வளவு எளிதில் வளையாது, ஆனால் வார்ப்பிரும்பு கேஸின் மரை தேய்ந்துவிடும். அப்புறம் வேலை இரட்டிப்பு.

நீங்களே பார்க்கலாம். மூடியைக் கழற்றி, கேஸ்கெட் (மூடிக்கும் கேஸுக்கும் நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் அட்டை) மிச்சத்தைச் சுரண்டிவிட்டு, ஒட்டும் முகம் கீழே இருக்கும்படி தட்டையான தடித்த கண்ணாடிமேல் வையுங்கள். போல்ட் துளைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் மூடி வளைந்திருக்கிறது. தகட்டு மூடி என்றால் துளை ஓரங்களைத் தட்டிச் சமப்படுத்தி, புது கேஸ்கெட் வைத்து, எதிரெதிர் போல்ட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். போல்ட் துளை கேஸின் உள்வரை திறந்திருந்தால் மரையிலும் சீலண்ட் (கசிவை அடைக்கும் பசை) தடவ வேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.