டவுன் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு முதலில் ஒரு கழிப்பறை

தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் கடைக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால், வியாபாரம் படுத்ததற்கு ஆன்லைனைத்தான் திட்டுகிறார்கள். பாதி சரி. மீதிப் பாதி நாம் செய்தது. வெளியூர் பஸ்களைப் புதிய பேருந்து நிலையத்துக்கு அனுப்பினோம். கலெக்டர் ஆபீஸ் திருச்சி ரோட்டுக்குப் போயிற்று. மனு கொடுக்க வந்த கையோடு கடைத்தெருவில் ஒரு வேட்டியோ வாளியோ வாங்கிப் போனவர், இப்போது அங்கேயே டீ குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்.

டெல்டாக் கடைத்தெருவுக்கு அறுப்புக் கணக்கு என்று ஒன்றும் இருந்தது. துணிக்கடைக் கல்லாவில் நீள நோட்டு. ஆள் பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயர் போட்டு எழுதியிருப்பார்கள். "தையில அறுத்ததும் தந்துடறேண்ணே" என்றால் கல்யாண ஜவுளியே கடனுக்குக் கிடைக்கும். நெல் பணம் பேங்க் கணக்கில் விழ ஆரம்பித்து, இ.எம்.ஐ.யும் வந்த பிறகு அந்த நோட்டு மெலிந்துவிட்டது. அது திரும்பி வராது. (கடைக்காரரைக் கண்டு சந்து மாறிப் போகும் தொல்லையும் ஒழிந்தது என்று வையுங்கள்.)

மற்ற ஊர்களிலும் இதே நோய்தான். இங்கிலாந்தில் ஓராண்டுக்கு மேல் காலியாகக் கிடக்கும் கடையின் குத்தகை உரிமையை உள்ளாட்சி மன்றமே ஏலம் விடலாம் என்று 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தார்கள். இங்கே பெரிய அட்வான்ஸுக்கு ஆசைப்பட்டு ஷட்டரை இழுத்துப் பூட்டி வைத்திருக்கும் கட்டட உரிமையாளர்களிடம் அதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். சென்னை பாண்டி பஜாரில் 2019-ல் அகலமான நடைபாதை போட்டார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தி.நகருக்கு ரயிலும் பஸ்ஸும் ஆளைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. ஆள் வராத தெருவில் அலங்கார விளக்கு நட்டு என்ன பிரயோஜனம்?

தஞ்சையில் ஒரு நல்ல காரியம் நடந்தது. ஸ்மார்ட் சிட்டி பணத்தில் பழைய பேருந்து நிலையத்தை இடித்து, அதே இடத்தில் திரும்பக் கட்டினார்கள். டவுன் பஸ் இன்னும் ஊர் நடுவில்தான் வந்து நிற்கிறது. 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. கடைத்தெருவுக்கு அரசாங்கம் செய்த பெரிய உதவி என் கணக்கில் இதுதான். யாரும் அப்படி நினைத்துச் செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

அந்தப் பெண்கள் பஸ் நிலையத்தை விட்டுக் கடைத்தெருவுக்குள் வந்த பிறகு என்ன ஆகிறது? உட்கார ஒரு திண்ணை இல்லை. குழந்தைக்குப் பால் கொடுக்க மறைவிடம் இல்லை. அவசரத்துக்கு ஒதுங்க வழியில்லாமல் வாங்க வந்ததில் பாதியை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிறார்கள். நாமோ கார் நிறுத்த இடமில்லை என்று புலம்பிக்கொண்டிருக்கிறோம். கார் வைத்திருப்பவர் எப்படியும் பைபாஸ் ஓரத்து ஷோரூமுக்குத்தான் போவார்.

பூட்டிக் கிடக்கும் கடைகளில் ஒன்றிரண்டை மாநகராட்சி வாடகைக்கு எடுத்துக் கழிப்பறையும் பாலூட்டும் அறையும் அமைக்கட்டும். பராமரிப்புச் செலவை வியாபாரிகள் சங்கம் பங்கு போட்டுக்கொள்ளலாம். தீபாவளிக்கு சீரியல் பல்பு கட்டக் கடைக்குக் கடை வசூல் பண்ணுகிறவர்கள்தானே.