பத்தொன்பது பேர் கணக்கு

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது எங்கள் ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் ஆளுக்கு அரைக் கிலோ மைசூர்பாகும், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வைத்த ஓர் உறையும் கொடுத்தார்கள். உறையின் மேல் ‘போனஸ்’ என்று எழுதியிருந்தது. எழுதியவன் நான்தான், கணக்குப்பிள்ளை. எழுதும்போதே கை கூசியது.

போனஸாம்! 1965-ல் வந்து, பின்னால் திருத்தப்பட்ட போனஸ் சட்டம் வருடச் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம் கொடு என்றது. பன்னிரண்டு மாதம் உழைத்தவனுக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். நட்டம் வந்தாலும் கொடுக்க வேண்டும். லாபம் நன்றாக வந்தால் இருபது சதவீதம் வரை போகலாம். ஆனால் இருபது பேராவது வேலை செய்கிற இடமாக இருக்க வேண்டும். எங்கள் பதிவேட்டில் இருப்பவர்கள் பத்தொன்பது பேர்.

வேலை செய்கிறவர்கள் இருபத்து மூன்று பேர். மீதி நான்கு பேர் முதலாளியின் மைத்துனர் பெயரில் இருக்கும் இன்னொரு பட்டறையில் வேலை பார்ப்பதாக எழுதியிருக்கிறோம். அந்தப் பட்டறைக்குக் கதவு கிடையாது, கூரை கிடையாது. ரசீதுப் புத்தகம் மட்டும் உண்டு. உறையை வாங்கிய கையோடு, முப்பது வருடமாக வண்ணம் ஊற்றுகிற பெரியவர் என் மேசைக்கு வந்தார். “ஐயா, நான் எந்தப் பட்டறை?” என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆத்தங்குடிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் குனிந்து குனிந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஒவ்வொரு கட்டமாக ஊற்றி, அச்சைத் தூக்கி, உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதன் மேல் கலவையை அப்பி, நாட்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்தால் கண்ணாடி தானாக விலகிக் கல் பளபளக்கும். இதில் எந்த இடத்திலும் மெஷின் கிடையாது. கை நடுங்கினால் பூ கலைந்துவிடும், கலைந்த கல்லுக்குக் கூலி கிடையாது. சென்னையில் ஒரு ஹோட்டல் தளத்துக்கு அந்தக் கல் போகும்போது என்ன விலைக்கு ஏறுகிறது என்பது விற்பனைச் சீட்டு எழுதும் எனக்குத் தெரியும். ஊற்றுகிறவருக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சீட்டுக் கட்டு பீரோவில் பூட்டியிருக்கிறது.

2025 செப்டம்பரில் சிமெண்டுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. சீர்திருத்தம் என்று எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் இணக்க முறையில் இருக்கிற எங்களைப் போன்ற சிறு பட்டறைக்கு, வாங்கும் சரக்கின் மேல் கட்டிய வரி திரும்பி வராது. ஆகவே குறைந்த வரி அப்படியே மிச்சம். அந்த மிச்சம் எங்கே போனது? கல்லின் விலை குறையவில்லை. கல்லுக்கான கூலி ஒரு பைசா நகரவில்லை. நான் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். “கூலியை ஏற்றிவிட்டால் பிறகு இறக்க முடியாது, கணக்குப்பிள்ளை” என்றார் முதலாளி. லாபத்துக்கு மட்டும் அந்தக் கவலை கிடையாது போலிருக்கிறது.

2019-ல் டெல்லியிலும் இதே கதைதான். சலுகைகளை விட்டுக்கொடுக்கும் கம்பெனிகளுக்கு அடிப்படை வரியை 30-லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள். தலைமடை நிறைந்தால் கடைமடைக்குத் தண்ணீர் தானாக வரும் என்று விளக்கம் சொன்னார்கள். கண்மாய்ப் பாசனத்தில் வளர்ந்தவனிடம் இதைச் சொல்லலாமா? தலைமடைக்காரன் தன் வயல் நிறைந்ததும் வாய்க்காலைத் தானே திறந்துவிட்டு வீட்டுக்குப் போனதாக எந்தக் கண்மாயிலும் நான் கேள்விப்பட்டதில்லை. நீர்பாய்ச்சி என்று ஓர் ஆள் மண்வெட்டியோடு வரப்பில் நிற்க வேண்டும். நிற்காத வருடம் கடைமடையில் பயிர் கருகும், அடிதடி நடக்கும்.

என் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவில் ஒரு விலாசத்துக்கு, அதாவது செட்டியார் வட்டிக்கடைக்கு, அடுத்தாளாக, உதவி ஆளாகப் போய், கடையை நடத்தும் மேலாளாக உயர்ந்தவர். சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு மூன்று வருடக் கணக்குக்குப் போவார்கள். கணக்கு முடியும்போது ஐந்தொகை எடுத்து, லாப நட்டம் பார்த்து, கோயிலுக்கு மகமை, மேலாளுக்கு லாபத்தில் ஒரு பங்கு என்று பிரிப்பார்கள் என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பழம்பெருமை பேசுவதாக நினைக்க வேண்டாம். அந்த லாபத்தை விளைவித்த பர்மிய விவசாயிக்கு என்ன கிடைத்தது என்பதும் எனக்குத் தெரியும். 1930-களின் மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடனுக்கு ஈடாக நிலம் கைமாறி, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நிலம் நம் செட்டியார் கடைகளின் பேரேட்டுக்கு வந்தது. பங்கு என்றால் யார் யாருக்குப் பங்கு என்பதில் அப்போதும் ஒரு பதிவேடு இருந்திருக்கிறது. அதிலும் சிலர் பெயர் இல்லை.

உடனே சிலர் கொடையைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். உண்மை. நானும் கும்பிடுகிறேன். ஆனால் வண்ணம் ஊற்றுகிற பெரியவர் கேட்டது கொடை இல்லையே.

சரி, முதலாளி இப்படி. அரசாங்கமாவது அளந்து செலவழிக்கிறதா? எங்கள் தெருவில் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போடுகிறார்கள். பிறகு குழாய் பதிக்கத் தோண்டுகிறார்கள். பிறகு மறுபடியும் சாலை. வெள்ளத்துக்குப் பயந்து முன்னோர்கள் ஆள் உயரத்துக்குத் திண்ணை வைத்துக் கட்டியிருக்காவிட்டால் இந்நேரம் வீட்டுக்குள் இறங்கிப் போக வேண்டியிருக்கும். ஊருணியில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதைத் தூர்வார நிதி இல்லை. அதன் கரையில் வளைவு கட்ட மட்டும் நிதி இருந்தது. வளைவுக்கு அப்பால் எந்த ஊரும் இல்லை, ஒரு பொட்டல் இருக்கிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவர்கள் ஆற்றையும் விட்டுவிட்டுப் பொட்டலில் போடுகிறார்கள்.

2021-ல் தமிழக அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் மேலும் 2,63,976 ரூபாய் அரசுக் கடன் இருப்பதாகச் சொன்னது. கடன் அதற்குப் பிறகும் ஏறியிருக்கிறது. இதைச் சொன்னால் டீக்கடையில் எல்லோரும் மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகைமேல் பாய்கிறார்கள். இலவசமாம், சோம்பேறியாக்குகிறதாம். எங்கள் முதலாளியும் அதைத்தான் சொல்கிறார், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறேன். பெரியவரின் மனைவி அந்த ஆயிரத்தில்தான் மளிகைக் கடை பாக்கியை அடைக்கிறார். ஒழுங்கான கூலியும் போனஸும் வந்திருந்தால் அந்த ஆயிரம் எதற்கு? முதலாளி விழுங்கிய பங்கை அரசு கடன் வாங்கிக் கொடுக்கிறது. அந்தக் கடனுக்கு வட்டி, பெரியவர் வாங்கும் சோப்பு, செருப்பு எல்லாவற்றின் வரியிலிருந்தும்தான் போகிறது. தன் பங்கைத் தானே வட்டிக்கு வாங்கிச் சாப்பிடுகிற மனிதரைத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு சோம்பேறி என்கிறார்கள்!

ஆத்திரத்தில் முதலாளியிடம் கேட்டுவிடலாம் என்று இரண்டு முறை எழுந்தேன். மகள் கல்லூரிக் கட்டணம் கட்ட வாங்கிய முன்பணம் இன்னும் என் கணக்கில் பற்றில் நிற்கிறது. உட்கார்ந்துவிட்டேன்.

தீபாவளி கழிந்து பட்டறை திறந்த அன்று இருபத்து மூன்று பேரும் வந்தார்கள். பெரியவர் வழக்கம்போல எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு அச்சை எடுக்கப் போனார். பதிவேட்டைத் திறந்து, பத்தொன்பது பேருக்கு வருகை போட்டேன்.