உண்மையைச் சொல்லும் வே, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்

போன மாதம் நண்பர் ஒருவர் தன் முதல் நாவலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பிடிஎஃப், 312 பக்கம். பின்னாலேயே ஒரு குரல் செய்தி: "நேரம் கிடைக்கும்போது படியும். உண்மையைச் சொல்லும் வே, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார். "நல்லா வந்திருக்கு வே. அந்த ஆத்தங்கரை வர்ற இடமெல்லாம் அருமை" என்றேன். ஆற்றங்கரை வருவது 20-ஆம் பக்கத்தில். நான் 74-ஆம் பக்கத்தில் மூடி வைத்தவன். அந்தப் பக்கம் அவர் குரல் அப்படியே பூரித்துப் போனது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மனசு நோகக் கூடாது என்று பொய் சொன்னதாக அன்று இரவு என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அதுவும் பொய். சோம்பல்தான் காரணம். 74-இல் ஏன் நின்றேன் என்று சொல்ல வேண்டுமானால் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும், யோசிக்க வேண்டும். 'அருமை' என்று சொல்ல யோசிக்க வேண்டாம். படிக்கவே வேண்டாம்.

தமிழில் விமர்சனம் என்று பேச்செடுத்தால் உடனே நக்கீரரைக் கூப்பிட்டு வந்துவிடுவோம். நெற்றிக்கண், குற்றம் குற்றமே, எல்லாம் சினிமா புண்ணியத்தில் மனப்பாடம். தருமிக்காக இறைவன் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் அந்தப் பாட்டை எத்தனை பேர் படித்திருப்போம்? குறுந்தொகையில் இரண்டாவது பாடல். இறையனார் பெயரில் இருக்கிறது. ஐந்தே வரி. காதலன் ஒரு தும்பியிடம் கேட்கிறான்: பூப்பூவாகத் தேன் தேடிப் போகிறவன் நீ, இவள் கூந்தலைவிட மணக்கிற பூ உனக்குத் தெரிந்து ஏதாவது உண்டா?

கூந்தலுக்கு இயற்கையில் மணம் கிடையாது என்பது கதையில் நக்கீரர் பிடித்த குற்றம். பாண்டியனின் சந்தேகத்துக்கு விடை என்று சபையில் கொண்டுவந்து வைத்தால் அந்தக் கேள்வி நியாயம்தான். வெறும் பாட்டாக வைத்துப் பார்த்தால், காதலில் கிறங்கிப் போய் வண்டோடு பேசுகிறவனிடம் ஆதாரம் கேட்டிருக்கிறார். நம் விமர்சன வீரத்தின் தலைமகன் ஒரு காதல் கவிதையைத் தப்பாகப் படித்தவர் என்பது என் கட்சி. (கல்லெடுப்பவர்கள் வரிசையில் வரவும்.)

எனக்கு வேண்டியது அந்தப் பாட்டின் இரண்டாவது வரி. 'காமம் செப்பாது கண்டது மொழிமோ.' நான் கேட்க ஆசைப்படுவதைச் சொல்லாதே, நீ கண்டதைச் சொல். வேடிக்கை என்னவென்றால், கேட்கிறவனுக்கு வேண்டியது ஒரே ஒரு பதில்தான். "உண்மையைச் சொல்லணும்னா அண்ணே, மல்லி கொஞ்சம் தேவலை" என்று தும்பி சொல்லியிருந்தால் நட்பு அன்றோடு முறிந்திருக்கும். அதனால்தானோ என்னவோ பாட்டில் தும்பிக்கு வசனமே இல்லை. என் நண்பர் குரல் செய்தியில் கேட்டதும் இதையேதான்.

கண்டதை மட்டும் மொழிந்த ஒரே ஒரு ஆளை எனக்குத் தெரியும். பாளையங்கோட்டையில் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி. ஈய எழுத்துக் காலத்திலிருந்து அதே வேலை. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பத்தாம் வகுப்பு கைடு, கவிதைத் தொகுப்பு எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பென்சில். 2004-இல் என் சிறுகதை ஒன்றை, 14 பக்கம், டிடிபி சென்டரில் காசு கொடுத்து அடித்து எடுத்து அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலு நாள் கழித்துத் திருப்பித் தந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. புரட்டினால் ஓரத்தில் மூன்று இடத்தில் பென்சில் குறிப்பு. மூன்றாம் பக்கத்தில் 'டீ'. ஆறாம் பக்கத்தில் 'யாரு?'. பதினொன்றாம் பக்கத்தில் 'தெரியும்'.

"என்ன அண்ணாச்சி இது, டீ?"

"அந்த இடத்துல எந்திரிச்சுப் போயி டீ குடிச்சேன் தம்பி. டீ குடிக்கிற நேரமும் இல்ல அது, பதினொன்றரை மணி."

ஆறாம் பக்கத்தில் பேசுவது மாமாவா சித்தப்பாவா என்று பிடிபடாமல் ரெண்டு தடவை மேலே போய்ப் பார்த்தாராம். பதினொன்றில் முடிவு தெரிந்துவிட்டதாம். மிச்ச மூன்று பக்கம் புரூஃப் பார்க்கிற பழக்கத்தில் படித்தாராம்.

"கதை நல்லா இருக்கா இல்லையான்னு சொல்லுங்க அண்ணாச்சி."

"அது எதுக்கு எங்கிட்ட? எங்கெங்க நின்னேன்னு சொல்லியாச்சுல்லா."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனசுக்குள் ஒரே ஏச்சு. காலம் பூரா 'அவ்வண்ணமே கோரும்' திருத்துகிறவருக்குக் கதை என்ன தெரியும்? மூன்று வாரம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. அப்புறம் ஒருநாள், கோபம் ஆறிப்போய் வேறு வேலையும் இல்லாதபோது, அந்த மூன்றாம் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். ஒன்றே கால் பக்கத்துக்கு வீடு. ஓட்டு வீடு, திண்ணை, முற்றம், பட்டாசல், அடுக்களைப் புகை, ஜன்னல் கம்பி எண்ணிக்கை. ஒரு மனுஷன் அசையவில்லை. அது எங்கள் பழைய வீடு. பாகப்பிரிவினையில் கைமாறி இடிபட்ட வீடு. எனக்கு அது அழுகை வரும் இடம். அவருக்கு டீ குடிக்கப் போகிற இடம். ரெண்டும் உண்மை. ஆனால் என் அழுகை அந்தத் தாளில் இல்லை, எனக்குள் இருந்தது. நாலு வரியை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை வெட்டினேன். அந்த நாலில் ஒன்று, அம்மா அரிசி புடைக்க உட்கார்ந்து உட்கார்ந்து திண்ணையில் ஒரு இடம் மட்டும் சிமெண்டு வழுவழு என்று தேய்ந்து போயிருப்பது. பின்னால் அதே கதையைப் படித்த ஒருவர், "அந்த வீட்டுக்குள்ள போயிட்டு வந்த மாதிரி இருந்துச்சு" என்றார். ஒன்றே கால் பக்கம் இருந்தபோது ஒருத்தரும் உள்ளே போகவில்லை.

அண்ணாச்சியைத் தெய்வமாக்கிவிட வேண்டாம். அதே கதையின் கடைசியில் ஆச்சி "சவத்த விட்டுத் தள்ளு" என்று ஒரு வசனம் சொல்வாள். அதை மட்டும் விரலால் காட்டி, 'வேறு சொல் போடலாம்' என்று வாய்மொழியாகச் சொன்னார். நான் மாற்றவில்லை. கதை ஒரு சிற்றிதழில் வந்தபோது வந்த இரண்டு கடிதத்திலும் அந்த வரியைத்தான் எடுத்துச் சொல்லியிருந்தார்கள். வலிக்கிற இடத்தை நோயாளி சரியாகத் தொட்டுக் காட்டுவார், மாத்திரை பெயரையும் அவரே சொன்னால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் நன்னூல் பத்துக் குற்றத்தை மதிப்பெண்ணுக்காக உருப்போட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று ராகமாகப் போகும். பரீட்சையோடு மறந்தும் போகும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி எழுதிய அந்தப் பட்டியலை அண்ணாச்சியின் பென்சிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த 'டீ'க்குப் பெயர் மற்றொன்று விரித்தல். 'யாரு?' என்பது மயங்க வைத்தல். 'தெரியும்' என்பதற்கு மட்டும் பொருத்தமாக ஒன்றும் அகப்படவில்லை. பவணந்தி இலக்கணம் சொன்னது நூலுக்கு, கடைசிப் பக்கத் திருப்பத்துக்கு அல்ல. ஆனால் 'சென்று தேய்ந்து இறுதல்' என்று ஒன்று சொல்லியிருக்கிறார் பாருங்கள். ஜோராகக் கிளம்பி, போகப் போகத் தேய்ந்து, ஒரு மூலையில் செத்துப்போவது. நான் பாதியில் வைத்த நாவல்களில் முக்கால்வாசிக்கு இந்த ஒரு பெயர் போதும்.

அந்தப் பத்தில் ஒன்றுகூட எழுதியவனைப் பற்றியது இல்லை. எல்லாம் எழுத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடியது. இவ்வளவு நுணுக்கமான சொற்களை வைத்துக்கொண்டு இன்றைக்கு நாம் புழங்குவது மூன்றே மூன்று: 'வேற லெவல்', 'சுமார்', 'மொக்கை'.

மூன்றாவதைச் சொல்கிறவர்களுக்குத் தைரியசாலி என்று பெயர் கிடைத்துவிடுகிறது. அந்தப் பெயருக்கு நானும் ஆசைப்பட்டவன். 2013-இல் ஒரு நூலக அரங்கில் ஒரு பையனின் முதல் கவிதைத் தொகுப்புக்குக் கூட்டம். விமர்சன உரை என்னுடையது. "இவை கவிதைகள் அல்ல, முறித்துப் போட்ட வாக்கியங்கள்" என்று தொடங்கினேன். சிரிப்பு எழுந்தது. இன்னும் ரெண்டு அப்படிப் போட்டேன். கைதட்டல். இருபது நிமிடம் வெளுத்து வாங்கிவிட்டு, உள்ளதை உள்ளபடி சொன்ன திருப்தியோடு இறங்கினேன். கூட்டம் முடிந்து அந்தப் பையனே வடையும் டீயும் கொண்டுவந்து கொடுத்தான். ரொம்பப் பணிவாகக் கேட்டான்: "எந்தக் கவிதை சார்?"

எனக்கு ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. கோவில்பட்டியிலிருந்து வரும் பஸ்ஸில் புரட்டியதுதான். "பொதுவாவே" என்றேன். "சரி சார்" என்றான். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு போனான். அவன் அப்புறம் எழுதினானா தெரியாது. பெயரைப் போட்டு இணையத்தில் பலமுறை தேடியிருக்கிறேன்.

நண்பரிடம் சொன்ன 'அருமை'யும் மேடையில் சொன்ன 'கவிதையே இல்லை'யும் ஒரே சரக்குதான். ரெண்டையும் படிக்காமலே சொல்லலாம்.

கறாராகப் பேசினால் எழுத வருகிறவன் முளையிலேயே கருகிவிடுவான் என்று ஒரு வாதம் உண்டு. ஆனால் எழுத்தாளர் சி.சு.செல்லப்பா 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கியதே தமிழில் விமர்சனத்துக்கு ஒரு களம் வேண்டும் என்றுதான். அந்த இதழில் வேர் பிடித்தது எது? புதுக்கவிதை. 1970 வரை கைப்பொருளைக் கரைத்து நடத்தினார். வரி வரியாகப் படிக்கிற ஒரு ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்தால் எழுதுகிறவனுக்குத் துணிச்சல்தான் வரும். கருக வைப்பது 'பொதுவாவே' என்கிற பதில்.

அணிந்துரை எழுதுகிறவர்களைப் பற்றித் தனியாக ஒரு பதிவு போட வேண்டும். இப்போது வேண்டாம், ரெண்டு பேர் நட்பில் இருக்கிறார்கள்.

வாங்கிக்கொள்வதில் நான் இன்னும் தேறவில்லை. ஒன்றே ஒன்று பழகியிருக்கிறேன்: விளக்கம் சொல்வதில்லை. 'அது வந்து, நான் என்ன நினைச்சு எழுதினேன்னா' என்று நாம் ஆரம்பித்த நிமிஷம், படித்தவர் தலையாட்டத் தொடங்கிவிடுவார். அதோடு அவரிடமிருந்து வர வேண்டியது நின்றுவிடும். கதையின் கூடவே போய் ஒவ்வொரு வாசகர் வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து விளக்கம் சொல்ல முடியாது. 'சரி' என்று சொல்லிவிட்டு எழுதி வைத்துக்கொள்கிறேன். ஒரு வாரம் தொடுவதில்லை. வீட்டில் என் மனைவி எதைப் படித்தாலும் "நல்லாத்தான் இருக்கு" என்பாள், அதை நான் கணக்கில் எடுப்பதில்லை. குக்கர் எத்தனையாவது விசிலுக்கு எழுந்து போகிறாள் என்று பார்ப்பேன். ஒருமுறை பருப்பு அடிப்பிடித்தது. அதைவிட நல்ல மதிப்புரை எனக்கு இதுவரை வரவில்லை.

சரி, நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைக் கூப்பிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. "வே, அன்னைக்கு நான் சொன்னது பொய். 74-ஆம் பக்கத்தோட நிறுத்திட்டேன். ஆத்தங்கரை நிஜமாவே நல்லா இருந்துச்சு, அது பொய் இல்ல. அதுக்கப்புறம் அந்தப் பஞ்சாயத்துப் பேச்சு பதினஞ்சு பக்கம் போகுது. யாரு யாருக்குச் சொந்தம்னு நான் ஒரு தாள்ல எழுதி வச்சுப் படிச்சேன். 74-இல தாளைத் தொலைச்சுட்டேன், திரும்ப எழுத மனசு வரல" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னால் மிக்சி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. "சரி" என்று சொல்லி வைத்துவிட்டார். திங்கள், செவ்வாய், புதன் ஒரு தகவலும் இல்லை. தினமும் காலையில் அவர் அனுப்பும் வணக்கப் படமும் வரவில்லை. எனக்கு அது எரிச்சலாக இருக்கும், ஆனால் வராதபோது என்னவோ போலிருந்தது.

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு செய்தி வந்தது.

"74-ல எந்த வரி வே?"