திறமைக்கு ஏத்த சம்பளமா?

"நல்லா படி, திறமையை வளத்துக்கோ, சம்பளம் தானா வரும்" என்று சொல்லித்தான் பிள்ளைகளை வளர்க்கிறோம். அதில் பாதிதான் உண்மை. மறுபாதியை யாரும் சொல்லித் தருவதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆற்றாமை.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஓர் அக்கா. 11 வருஷ அனுபவம். புதிதாகச் சேர்ந்தவருக்கு வேலை கற்றுக் கொடுத்ததே அவர்தான். அந்தப் புதியவருக்கு அக்காவைவிட அதிகச் சம்பளம் என்று தற்செயலாகத்தான் தெரியவந்தது. அக்காவின் திறமையில் ஒரு குறையும் இல்லை. பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள், பக்கத்தில் இதே வேலைக்கு வேறு இடமில்லை, அதனால் இவர் எங்கும் போக மாட்டார் என்று நிர்வாகத்துக்கு நன்றாகத் தெரியும். அவ்வளவுதான்.

விற்பவர் ஒருவரே என்றால் விலை ஏறும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. உழைப்பை வாங்குபவர் ஒருவரே என்றால் கூலி இறங்கும். பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933லேயே இதை விளக்கிவிட்டார். நாம்தான் இன்னும் குறையை உழைப்பவரிடமே தேடிக்கொண்டிருக்கிறோம்.

கூலியை ஏற்றினால் வேலையே போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். 1992இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் உயர்வு இல்லை. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் இரு மாநிலங்களின் துரித உணவகங்களையும் ஒப்பிட்டார்கள். கூலி ஏறிய பக்கத்தில் ஆட்குறைப்பு நடந்ததாகத் தெரியவில்லை. கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. இஷ்டத்துக்கு ஏற்றலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏற்றினாலே நாசம் என்பது பொய்.

பெண்கள் விஷயம் இன்னும் வலிக்கிறது. 2023இல் நோபல் பெற்ற பொருளியலாளர் க்ளாடியா கோல்டின் காட்டியது இது: இன்றைய ஆண்–பெண் சம்பள இடைவெளி பெரிதாக விரிவது முதல் குழந்தை பிறந்த பிறகு. படிப்பு அப்படியேதான் இருக்கிறது, நிர்வாகம் நினைத்த நேரத்தில் கூப்பிட்டால் ஓடிவரத்தான் முடிவதில்லை.

வேலை விளம்பரத்தில் சம்பளத்தை எழுதச் சட்டம் வேண்டும். கூட வேலை செய்பவரிடம் சம்பளம் பேசுவதை அநாகரிகம் என்று நினைப்பதை நாமும் விட வேண்டும். அந்தக் கூச்சத்தால் லாபம் நமக்கில்லை.

அக்கா, பிள்ளைகள் பள்ளி முடித்ததும் சற்றுத் தள்ளி வேறு வேலை தேடிக்கொண்டு ராஜினாமா கொடுத்தார். அத்தனை வருஷம் முடியாது என்ற சம்பள உயர்வைத் தருவதாக நிர்வாகம் இரண்டே நாளில் கூப்பிட்டுச் சொன்னது. அவர் போய்விட்டார்.