பூட்டின வீடும் போக்கிடம் இல்லாதவரும்

செட்டிநாட்டுப் பெரிய வீட்டுப் படம் ஒன்று முகநூலில் ஓடினால் போதும், கீழே யாராவது வந்து எழுதிவிடுவார்: "இத்தனை வீடு சும்மா பூட்டிக் கிடக்கு, வீடில்லாதவங்களுக்குக் கொடுத்தா என்ன?" நல்ல மனசோடு கேட்கிற கேள்விதான். ஆனால் பள்ளத்தூரிலோ கானாடுகாத்தானிலோ ஒரு வீட்டுக்கு எத்தனை பங்கு என்று விசாரித்தவர் கேட்கமாட்டார். மூன்று தலைமுறையில் இருபது, முப்பது பங்காளி ஆகிவிடும். பாதிப்பேர் சென்னையில், மிச்சம் சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா. மழைக்கு முன் ஓடு மாற்றுவதற்கே எல்லாரும் ஒத்துவரணும். முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறப்பார்கள், அப்புறம் பூட்டு. அந்த வீட்டை யாருக்காவது தூக்கிக் கொடுக்க ஒரு கையெழுத்து பத்தாது.

அந்தப் பூட்டின வீட்டுக்குள்ளேயே ஓர் ஏழைக் குடும்பம் இருக்கிறதே, அது இந்தப் பேச்சில் வருவதேயில்லை. வீடு பார்க்கிறவர்கள். பின்கட்டில், அடுப்படியை ஒட்டி ஓர் அறை. நடுமுற்றத்து வளவைக் கூட்டுவது, வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது, எந்த மூலையில் ஒழுகுகிறது என்று பார்த்துப் போன் பண்ணுவது. சம்பளம் கொஞ்சம், இருக்க இடம் உண்டு என்பதுதான் பெரிய கூலி. அப்பா பார்த்த வீட்டை மகன் பார்ப்பான். ஒருநாள் பங்காளிகள் பேசி முடித்து வீட்டைப் பிரிக்கக் கொடுப்பார்கள். பர்மா தேக்குத் தூண், நிலை, கதவு, பரண் கட்டை எல்லாம் எண்ணி விலை பேசப்பட்டு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விடும். கதவில் இருக்கிற பித்தளைக் குமிழுக்குக்கூடத் தனி விலை உண்டு. நாற்பது வருஷம் கூட்டிப் பெருக்கினவருக்கு ஒரு வாரக் கெடு, ஒரு வேட்டி சேலை, கையில் கொஞ்சம் பணம்.

சட்டம் அவர்கள் பக்கம் இல்லை. காவல்காரரோ வேலைக்காரரோ எத்தனை வருஷம் குடியிருந்தாலும் அந்தச் சொத்தில் உரிமை வராது என்று 2012இல் உச்ச நீதிமன்றமே தெளிவாகச் சொல்லிவிட்டது. வாடகைச் சீட்டு கிடையாது. மின் இணைப்பு முதலாளி பேரில். ரேஷன் அட்டையில் இருக்கிற விலாசமோ இடிந்துகொண்டிருக்கிறது.

வீடில்லாமல் போவது ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணை. அங்கே மனஸ்தாபம் வந்ததும் ஒரு வாடகை வீடு தேடுவார்கள். அட்வான்ஸ் கேட்பார்கள். மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று தமிழ்நாட்டு 2017 சட்டம் சொல்கிறது, ஆனால் இருதரப்பும் ஒப்புக்கொண்டு எழுதினால் கூடுதலாகவும் வாங்கலாம் என்று அதிலேயே வழி இருக்கிறது. இல்லாதவர் ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வார்? வட்டிக்கு வாங்குவார். பத்து வட்டிக்கு வாங்கின அட்வான்ஸ் ஆறே மாதத்தில் வாடகையைத் தின்னும். பிறகுதான் பேருந்து நிலையம், கோயில் வாசல். "குடிச்சுட்டுக் கெடக்கான், இவனுக்கு எதுக்கு வீடு" என்று சொல்கிறவர்கள் பார்ப்பது இந்தக் கடைசிப் படியை மட்டும்தான். திறந்த வெளியில் கொசுக்கடியிலும், பையை யார் தூக்கிப்போவார் என்ற பயத்திலும் தூங்குவதற்குக் குடிப்பவர்களும் அதில் உண்டு.

வீட்டை விற்கிற பங்காளிகள் ஒன்று செய்யலாம். ஊர் ஓரத்தில் இரண்டு சென்ட் இடம் அந்தக் குடும்பத்தின் பேரில், முடிந்தால் பெண்ணின் பேரில், எழுதிப் பதிந்து கொடுப்பது. உறவுமுறை இல்லாதவருக்கு எழுதினால் முத்திரைத் தீர்வையில் சலுகை கிடையாது, அதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கணும். அப்படியும் நாலு தேக்குத் தூண் விலைக்குள் முடிகிற ஊர்கள் இங்கே இருக்கின்றன. அந்த இடத்துக்குப் பட்டா வந்த பிறகுதான் அரசாங்க வீடே திறக்கும். தமிழ்நாடு அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் ஊரகப் பகுதியில் 360 சதுர அடிக்கு 3.5 லட்சம் தருகிறது, ஆனால் சொந்த இடம் இருக்கிறவருக்குத்தான். ஆக இடமே இல்லாதவர், யாருக்கு வீடு ரொம்ப அவசியமோ அவர், வரிசையிலேயே நிற்க முடியாது. இன்னொரு சிக்கல், பணம் வேலை முடிய முடிய நிலை நிலையாகத்தான் வரும். அஸ்திவாரத்துக்குக் கைக்காசு வேண்டும். அங்கேயும் வட்டிக்காரர் காத்திருப்பார். இடம் கொடுக்கிற கையோடு அந்த முதல் செலவையும் வட்டியில்லாமல் கொடுத்து, பில் பாஸானதும் திரும்ப வாங்கிக்கொண்டால் வீடு நிச்சயம் எழும்பும்.

கண்மாய்க்கரையில் குடிசை போட்டவர்கள் கதை இதைவிட மோசம். நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா கிடைக்காது. நீதிமன்ற உத்தரவு வந்தால் பொக்லைன் வரும். கண்மாயைக் காப்பாற்றத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. மாற்று இடத்தைக் காட்டிவிட்டு இடிக்கவேண்டும் என்பதில்தான் சண்டை.

வயசானவர்கள் வீதிக்கு வரும் வழி வேறு, அது பத்திரப் பதிவு அலுவலகம் வழியாக வருகிறது. பிள்ளைகள் பேரில் தான செட்டில்மென்ட் எழுதும்போது, "ஆயுள்வரை சோறு, மருத்துவம், இருப்பிடம் தந்து பராமரிக்க வேண்டும்" என்று ஒரு வரி கட்டாயம் போடச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர் "அதெல்லாம் எதுக்குங்க ஆச்சி, பெத்த பிள்ளைதானே" என்பார். விடாதீர்கள். 2007 பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்க அந்த ஒரு வரிதான் பிடி. காரைக்குடி வட்டத்துக்காரர்கள் தேவகோட்டை கோட்டாட்சியர் அலுவலகத் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை உத்தரவிட முடியும். வழி தெரியாதவர்களுக்கு முதியோர் உதவி எண் 14567.

மனநலம் குன்றி அலைகிறவர்களை ராத்திரியில் கோயில் ஊரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு 28 பேர் எரிந்துபோனது நமக்குப் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில்தான். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 100ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: அப்படி அலைகிறவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது காவல்நிலையத்தின் கடமை. லாக்கப்பில் வைக்கக்கூடாது. காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை போட்டுக் குடும்பத்தைத் தேடணும். புகார் கொடுப்பவர் இந்தப் பிரிவைப் பேர் சொல்லிக் கேட்டால் வேலை நடக்கும், "யாரோ பைத்தியம் சார்" என்றால் அடுத்த ஊர் எல்லையில் விட்டுவிடுகிற ஆபத்து இருக்கிறது.

விலாசம் இல்லாதவருக்கும் காகிதம் வாங்க முடியும். ஆதாருக்கு, ஆதார் ஆணையத்தின் சான்றிதழ்ப் படிவத்தில் கவுன்சிலரோ தாசில்தாரோ கையெழுத்துப் போட்டால் போதும். அந்தப் படிவம் இல்லாமல் வெள்ளைத்தாளில் சும்மா எழுதின கடிதம் செல்லாது. கையெழுத்தும் முத்திரையும் பாதி போட்டோ மேலும் பாதி தாள் மேலும் விழணும், தேதி மூன்று மாதத்துக்குள் இருக்கணும். திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான். வாக்காளர் அட்டைக்குப் படிவம் 6இல் தூங்குகிற இடத்தை எழுதினால், வாக்குச்சாவடி அலுவலர் ராத்திரியில் வந்து பார்த்து உறுதிசெய்யணும், வேறு ஆதாரம் கேட்கக்கூடாது. ஆத்தங்குடி பக்கம் தரைக்கல் பட்டறையில் வருஷக்கணக்கில் சிமெண்ட் பிசைந்த கைகளுக்கு இன்னொரு தொல்லை, ரேகை தேய்ந்து கருவி எடுக்காது. ஆதார் மையத்தில் கருவிழியையும் சேர்த்துப் புதுப்பித்துவிட்டால் ரேஷனும் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையும் தடைபடாமல் வாங்கலாம்.

நம் ஊர் தர்மத்துக்குப் பேர்போன ஊர். சத்திரமும் அன்னதானமும் காசிவரைக்கும் போட்டிருக்கிறோம். அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மத்தியானச் சோறு நாலு இடத்தில் கிடைக்கிற ஊரில் ஐந்தாவது இடத்திலும் சோறு போட்டு என்ன ஆகப்போகிறது? வியாபாரத்தில் தர்மத்துக்கென்று ஒதுக்கின பழைய மகமை மாதிரி, ஒரு வாடகை அட்வான்ஸ் நிதி வைத்துப் பாருங்கள். குடும்பத்துக்கு 15,000 என்றால் பத்துக் குடும்பத்துக்கு ஒன்றரை லட்சம். பணத்தைக் குடியிருப்பவர் கையில் கொடுக்காமல் வீட்டுக்காரர் கணக்கில் போட்டு, காலி செய்தால் நிதிக்கே திரும்பணும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் அதே பணம் அடுத்த குடும்பத்துக்கும் சுற்றும். ஒப்பந்தம் குடியிருப்பவர் பேரில் இருப்பதால் விலாசச் சான்றும் அதிலேயே கிடைத்துவிடும்.

தனி ஆட்களுக்கு இரவுக் காப்பகம்தான் வழி. 2024இல் முடிந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிப்படி, ஒரு லட்சம் பேருக்கு 100 பேர் தங்கும் காப்பகம் ஒன்று, ஆளுக்கு 50 சதுர அடி, 24 மணி நேரமும் திறந்திருக்கணும் என்று இருந்தது. காரைக்குடி 2011 கணக்கிலேயே லட்சத்தைத் தாண்டிவிட்டது, 2024இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. கவுன்சிலரிடம் கேட்கும்போது எந்த இடத்தில் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். விடியற்காலை நாலு மணிக்குச் சந்தையில் மூட்டை இறக்குகிறவர், இடம் மலிவு என்று புறவழிச்சாலைக்கு அந்தப்பக்கம் கட்டின காப்பகத்தில் போய்ப் படுக்கமாட்டார்.